நாப்பத்தேழு துணிச் சீட்டு

மத்தியானம் ஒண்ணே முக்கால் மணி…

ஆமாம்டி, மத்தியானம்தான். ராத்திரி பன்னண்டு மணிக்குத்தான் பேய் வரும்னு உனக்கு எவன் சொன்னான்? அதுக்கென்ன டியூட்டி நேரமா போட்டுக் குடுத்திருக்கு? செல்போனை அணை முதல்ல, கண்ணைக் குத்துது. கரண்ட் வரும்போது வரட்டும். நடுவுல "அய்யோ போதும்"னு எவளாவது எழுந்து ஓடினா, அப்புறம் கதை சொல்லுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

மத்தியானம் ஒண்ணே முக்கால். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி போற ரோடு. முன்பக்கம் நிக்க இடம் இருக்காது, அவ்வளவு கூட்டம். பின்பக்கம் ஈ காக்கா கிடையாது. இடது கைப் பக்கம் துணி வெளுக்கிற கூடம். அதைத் தாண்டினா உடைஞ்ச கட்டிலுங்க, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, துருப்பிடிச்சு. அப்புறம் பொணக் கிடங்கு. அதுக்கும் அப்பால, ஒத்தையா ஒரு பழைய கட்டடம். ஜன்னலெல்லாம் கம்பி. அதுதான் ரெக்கார்ட் ரூம். எண்பது வருஷமா அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, போனவங்க, பொழைச்சவங்க, செத்தவங்க… அத்தனை பேரோட காகிதமும் அங்கதான்.

அந்த வெயில்ல தனியா நடந்து போறது யாருன்னா, என் சிநேகிதியோட அண்ணி. அவ அண்ணனுக்கு வாக்கப்பட்டவங்க. காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கிறவங்க. அந்தக் காலத்துல பிரசவம் எப்படிப் பார்த்தாங்க, எத்தனை தாய் பொழைச்சாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கணும்னு நாலு வருஷமா உயிரை விட்டுக்கிட்டிருந்தாங்க. நானும் அவங்களை அண்ணின்னுதான் கூப்பிடுவேன்.

ஏன் குறிப்பா அந்த ஆஸ்பத்திரி? வாசல்ல ஒரு சிலை நிக்குது. கோட்டு, கண்ணாடி, கையில ஒரு குழந்தை. அந்தக் காலத்துல அங்க பெரிய டாக்டரா இருந்தவராம். வயித்தை அறுத்துக் குழந்தை எடுக்கிறதுக்குப் புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சவராம். சிலைக்கு அடியில கல்லுல செதுக்கியிருக்கு: ‘பதினோரு ஆண்டுகள், ஒரு தாயின் உயிரும் போகவில்லை.’ அவரைச் சிலை டாக்டர்னே வச்சுக்குவோம். இப்ப அங்க தலைமை டாக்டர் யாருன்னா, அவரோட பேரன். அவனுக்கு ‘அவர் இவர்’னு மரியாதையெல்லாம் என்னால குடுக்க முடியாது. ஏன்னு போகப் போகத் தெரியும். பேரன்னே சொல்றேன்.

ரெக்கார்ட் ரூமுக்கு ஒரே ஒரு ஆள். ரிட்டையர் ஆக ஆறு மாசம் இருந்த மனுஷன். எதை நீட்டினாலும் ‘டொக்’குனு ஒரு முத்திரை குத்துவார். அனுமதிக் கடிதத்துக்கு, கோப்பு கேக்கிற சீட்டுக்கு, திருப்பிக் குடுக்கிற சீட்டுக்கு… விட்டா அண்ணியோட தண்ணி பாட்டிலுக்கும் குத்தியிருப்பார். அதனால அவர் பேரே ‘முத்திரை’. ரெண்டு மணி அடிச்சா சாப்பிடப் போயிடுவார். ஆள் இல்லாம ரூம் திறந்து கிடக்கக் கூடாதுன்னு சட்டம். அண்ணிக்கு ஒரு மணி நேரம் வீணாப் போகுதேன்னு ஆதங்கம்.

"நீங்க வெளியே பூட்டிட்டுப் போங்க. நான் உள்ளேயே உக்காந்து வேலை பார்க்கிறேன்"னாங்க.

"உள்ளேயேவா?"

"ஆமா. என்ன இப்போ?"

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்க இஷ்டம்"னுட்டு, வெளியே போய்ப் பூட்டினார். அந்த ஆஸ்பத்திரியில எதையுமே கேக்காம இருந்தாத்தான் முப்பது வருஷம் வேலை பார்க்க முடியும். அவரும் அப்படித்தான் இருந்திருக்கார்.

அங்க கேஸ் ஷீட்டைக் கட்டுக் கட்டா நாடா போட்டு வச்சிருப்பாங்க. நலமா வீட்டுக்குப் போனவங்க கட்டுக்கு வெள்ளை நாடா. செத்தவங்க கட்டுக்குக் கறுப்பு. சொல்லாம கொள்ளாம ஆஸ்பத்திரியை விட்டுப் போனவங்க கட்டுக்கு நீலம். சிலை டாக்டர் தன்னோட புது முறையில ஆபரேஷன் பண்ணினவங்க கோப்பை மட்டும் அட்டையைப் பார்த்து அண்ணி தனியா எடுத்தாங்க. வெள்ளை நாடா அறுநூத்துப் பன்னண்டு. கறுப்பு நாடா ஒண்ணு கூட இல்லை. கல்லுல எழுதியிருக்கிறது நிஜம்தான்! நீலம் மட்டும் நாப்பத்தேழு, ஒவ்வொரு அட்டையிலயும் ‘குழந்தை நலம்’னு வேற.

இந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. முடிவு என்னாச்சுன்னு தெரியாத கோப்பைச் சேர்த்துக்க மாட்டாங்க. போனவ பொழைச்சாளா செத்தாளான்னு தெரியலையா? ஒதுக்கி வை. அதுதான் முறை. தப்பு கூட இல்லையாம், எல்லாரும் செய்யறதுதானாம். அண்ணியும் அதைத்தான் செஞ்சாங்க. நாடாவைப் பிரிக்கக் கூட இல்லை. கட்டுல தெரியற அட்டை ஓரமா, ஒவ்வொண்ணா விரலால நீக்கிப் பென்சில்ல எழுதினாங்க. ‘விலக்கு’. ‘விலக்கு’. ‘விலக்கு’. நாப்பத்தேழு தடவை.

மறுநாள் வந்து பார்த்தா… ஒண்ணுலயும் எழுத்து இல்லை.

ரப்பர் போட்டு அழிச்சா தூள் கிடக்கும் இல்லையா? தூள் இல்லை. எழுதின இடம் வட்டமா நனைஞ்சு காய்ஞ்சிருந்துச்சு. கட்டைவிரல் அளவுக்கு. கிட்ட மோந்து பார்த்தா ஒரு வாசனை. பினாயில் இல்லை, பழைய காகித வாசனையும் இல்லை. இங்க புள்ளை பெத்தவங்களுக்குத் தெரியும்… பால் கட்டிக்கிட்டு, துணியில ஊறி, புளிச்சுப் போய் ஒரு வாசனை அடிக்குமே. அது.

அண்ணிக்கு முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு. திரும்ப எழுதினாங்க. மறுநாள் திரும்ப இல்லை. மூணாவது தடவை அழுத்தி எழுதினாங்க. அடுத்த நாள் பார்த்தா, அந்த இடத்துல அட்டையே நாருநாராப் பிஞ்சு, சில அட்டையில ஓட்டை. சும்மா அழிச்ச கை இல்லை அது. கோபத்துல, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தேய்ச்ச கை.

அண்ணி நேரா முத்திரைகிட்டப் போய்ச் சத்தம் போட்டாங்க. "என் வேலையில ஏங்க கை வைக்கிறீங்க?"

அவர் முத்திரையைக் கீழே வச்சார். "அம்மா… எனக்குப் பசிக்கிறது பன்னண்டு மணிக்கு. நான் ஏன் தினமும் ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போறேன்னு நெனைக்கிறீங்க?"

சொல்லிட்டு, அடுத்த சீட்டை எடுத்து ‘டொக்’குனு குத்தினார். ரெண்டு மணிக்கு அண்ணி அவர் கூடவே கிளம்பி வெளியே வந்துட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல. அண்ணியோட மாமியார், அதாவது என் சிநேகிதியைப் பெத்தவங்க, அவங்களைப் பத்திச் சொல்லணும். எழுபத்தோரு வயசு. மூக்கு மேல கோபம். ஒரு டம்ளரைத் தப்பான இடத்துல வச்சா வீடே அதிரும். ஆனா மருமக ஒரு தும்மல் போட்டா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாங்க, அப்படி ஒரு பிறவி. அவங்க அம்மா பிரசவத்துலயே செத்துட்டாங்கன்னுதான் அண்ணிகிட்ட எல்லாரும் சொல்லி வச்சிருந்தாங்க. அண்ணியும் அதைக் கிளறினதில்லை.

துணி மடிச்சுக்கிட்டே அண்ணி பேச்சுவாக்குல சொல்லியிருக்காங்க. "நாப்பத்தேழு பேரு, அத்தை! பச்சைப் புள்ளையை ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டு ஓடியிருக்காளுங்க. எப்படித்தான் மனசு வந்துச்சோ."

மாமியார் கையில இருந்த டம்ளர் சுவத்துல போய் அடிச்சுது.

"அதுல ஒருத்திதான் என்னைப் பெத்தவ."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மாமியார் எழுபத்தோரு வருஷத்தையும் அப்பத்தான் கொட்டினாங்க. பொறந்த மூணாம் நாள் தாய்க்காரி ஓடிட்டாளாம். ஆஸ்பத்திரியில அப்பாகிட்டக் குழந்தையைக் குடுத்து, "உன் பொண்டாட்டி ஓடிட்டாப்பா, போய்ச் சேரு"ன்னாங்களாம். அந்த மனுஷன் மர அறுக்கிற பட்டறையில வேலை செஞ்சவர். லீவு நாளெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பாராம், திரும்பி வந்தாளான்னு கேட்டுக்கிட்டு. காவல்காரன் விரட்டுவானாம். வளர்த்த அத்தைக்காரி சோறு போடும்போதெல்லாம் "ஓடுகாலி பெத்தது"ன்னு சொல்லித்தான் போடுவாளாம். ரெண்டு கல்யாணம் பேசி முடிச்ச பிறகு நின்னுபோச்சாம், அதே பேச்சால. தெருவுல சண்டை வந்தா, கடைசியா எதிராளி எடுக்கிற ஆயுதம் அதுதானாம்.

"என் வயித்துல மூணு பொறந்துச்சு"ன்னாங்க. "ஒவ்வொண்ணையும் மார்ல போடும்போது அவளைத்தான் திட்டுவேன். ஒரு தடவையாவது எனக்குக் குடுத்தியாடி, பாவின்னு… அந்தத் தாளைத் தேடிக் கொண்டாந்து குடும்மா. அது மேல ஒரு தடவை காறித் துப்பணும் நான். அதுக்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை."

அதனாலதான் அண்ணி மறுநாள் திரும்பப் போனாங்க. பயம் இருந்துச்சு. ஆனா எழுபத்தோரு வயசுப் பொம்பளை அப்படி அழுததைப் பார்த்த பிறகு போகாம இருக்க முடியலை. ரெண்டு மணிக்கு, "பூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னாங்க.

பூட்டு விழுந்துச்சு… க்ளக். முத்திரையோட செருப்புச் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு போச்சு. மின்விசிறி மட்டும் கீச்… கீச்…

அதுக்கு முன்னாடி அவங்க உள்ளே உக்காந்த நாள்ல ஒண்ணும் நடக்கலை. அன்னிக்குத்தான் அண்ணி நீல நாடாவைப் பிரிச்சாங்க. முதல் தடவையா.

பட்டறை பேரு, பொறந்த தேதி, பெண் குழந்தை… மூணையும் வச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. பதினெட்டாவது கோப்பு. வயசு இருபது. தலைச்சன் பிரசவம். சிலை டாக்டரோட புது முறையில ஆபரேஷன். மூணாம் நாள் காய்ச்சல், நாடி வேகம், தையல்ல சீழ். அதுக்குக் கீழே வேற மையில, வேற கையெழுத்துல ஒரே ஒரு வரி. ‘சொல்லாமல் வெளியேறினார். பகல் 2.30.’

அந்தப் பக்கத்துக்குப் பின்னாடி ஒரு சின்னச் சீட்டைக் குண்டூசி குத்தி வச்சிருந்தாங்க. துணிச் சீட்டு. அந்தக் காலத்துல வார்டுல சேர்ந்தா, கட்டியிருக்கிற துணியை வாங்கி வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரித் துணியைக் குடுப்பாங்க. துணியை ஒப்படைச்சப்ப ஒரு கைநாட்டு. வீட்டுக்குப் போகும்போது துணியை வாங்கிக்கிட்டு இன்னொரு கைநாட்டு. வெள்ளை நாடாக் கோப்பு எல்லாத்துலயும் ரெண்டு கைநாட்டு இருக்கும். இதுல ஒண்ணுதான் இருந்துச்சு. வாங்கினதுக்கான இடம்… காலி.

அண்ணி மத்த கோப்பையும் புரட்டினாங்க. அடுத்த கோப்பு. ஒரு கைநாட்டு. அடுத்தது. ஒண்ணுதான். பகல் 2.30. அடுத்தது. பகல் 2.30. ஒரே மை. ஒரே கையெழுத்து. பதினோரு வருஷத்துல நாப்பத்தேழு பொம்பளைங்க, வயித்தைக் கிழிச்சுத் தைச்சு ரெண்டு நாள் மூணு நாள்தான் ஆகியிருக்கு, எழுந்து உக்காரவே ஆள் பிடிக்கணும்… அத்தனை பேரும் கரெக்டா ரெண்டரை மணிக்கு, சொந்தத் துணியைக் கூட வாங்காம, பெத்த புள்ளையைப் போட்டுட்டு, மாடி வார்டுலேர்ந்து இறங்கி ஓடினாங்களாம்! யார் காதுல பூ சுத்தறான்? ஒரு நர்ஸு கேக்கலையா? ஒரு டாக்டர் கேக்கலையா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்டி. சிலை வைக்கணும்ல. அதுக்குச் சாவு இல்லாம இருக்கணும். செத்தவளை ஓடிப்போனவளா ஆக்கிட்டா கணக்கு சுத்தமாயிடும். உடம்பை என்ன செஞ்சாங்கன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லை.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. அண்ணியை உறுத்தினது அந்தச் சிலை டாக்டர் செஞ்சது இல்லை. ‘விலக்கு’ன்னு எழுதினது தன் கைதானேன்னு. அவன் ஒரு தடவை அழிச்சான். நான் மூணு தடவை அழிச்சிருக்கேனேன்னு.

அப்போ மின்விசிறி நின்னுச்சு.

கரண்ட் போகலை. லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. விசிறி மட்டும் நின்னு… ரூம் முழுக்க அந்த வாசனை. புளிச்ச பால். மூணாவது அலமாரி வரிசைக்குப் பின்னாடியிலேர்ந்து… சப்… சப்… ஈரமான வெறுங்கால். மெதுவா. ரெண்டு அடி வைக்கும், நிக்கும். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவங்க அப்படித்தான் நடப்பாங்க.

ஒரு ஜோடிக் கால் இல்லை. அடுத்த வரிசையிலயும் சப்… சப். அதுக்கு அடுத்ததுலயும். ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியலை. சிமெண்டுத் தரையில கால் தடம் மட்டும், ஈரமா, ஒண்ணு ஒண்ணா முளைச்சு வருது. மேஜையைச் சுத்தி வந்து நின்னுச்சு. அண்ணி நாற்காலியோட நாற்காலியா உறைஞ்சு போயிட்டாங்க.

காதுக்குப் பக்கத்துல, ரொம்பச் சின்னக் குரல். இருபது வயசுப் பொண்ணு குரல்.

"துணி குடுங்க… வீட்டுக்குப் போகணும்… புள்ளைக்குப் பால் நேரம்."

பின்னாடி இன்னொரு குரல், "என் துணி?" அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாரும். கெஞ்சிக்கிட்டு ஆரம்பிச்ச குரலுங்க, கடைசியில மேஜை அதிர்ற அளவுக்குக் கத்துதுங்க. "துணி குடு! துணி குடு!" அலமாரியிலேர்ந்து கட்டுக் கட்டா விழுது…

யாருடி அது தண்ணி குடிக்கப் போறது? போ. சமையலறைக்குத் தனியாப் போ, பார்ப்போம்… போகலையா? அப்போ உக்காரு.

மூணு மணிக்கு முத்திரை வந்து திறந்தார். அண்ணி மேஜைக்கு அடியில, அந்தப் பதினெட்டாவது கோப்பை நெஞ்சோட கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவர் குனிஞ்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துணி கேட்டாங்களா?"

முப்பது வருஷமாக் கேட்டிருக்கார், பாருங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. அண்ணி அவரை அடிக்கக் கையே ஓங்கிட்டாங்களாம். அந்த ஆள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அந்த வாரம் முழுக்க, ரெண்டு மணிக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சு வந்து, அண்ணி கூட உக்காந்து, நாப்பத்தேழு சீட்டையும் நோட்டுல எழுதிக் குடுத்தார். அது ஒண்ணுதான் அவர் செஞ்ச நல்லது.

நோட்டை எடுத்துக்கிட்டு அண்ணி பேரன்கிட்டப் போனாங்க. ஏசி ரூம். சுவத்துல தாத்தா படம். அவன் நோட்டைப் புரட்டிக் கூடப் பார்க்கலை.

"முடிவு தெரியாததை விலக்குறதுதானே உங்க முறை?"ன்னான். "முறைப்படி செய்யுங்க. எதுக்கு உணர்ச்சிவசப்படறீங்க?"

"முடிவு தெரியுதுங்க. செத்துட்டாங்க."

"எந்தத் தாள்ல எழுதியிருக்கு?"

அண்ணி நோட்டை அவன் பக்கம் தள்ளினாங்க. "அவங்க துணியெல்லாம் எங்க?"ன்னு கேட்டாங்க.

அவன் சிரிச்சானாம். சிரிச்சான்! "எழுபது வருஷத்துத் துணியா? நல்லா இருக்கே." அதோட மணியை அடிச்சு ஆளைக் கூப்பிட்டான். அனுமதி ரத்து. பழைய காகிதமெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சாம், வெள்ளிக்கிழமை லாரி வருதாம். அந்தக் கட்டடத்தை இடிச்சுக் கட்டிப் பச்சைக் குழந்தைங்க வார்டு வைக்கப் போறாங்களாம், தாத்தா பேருல. அவன் பேசினதை அண்ணி சொல்லும்போது எனக்குக் கையெல்லாம் துடிச்சுது. நான் அங்க இருந்திருந்தா அந்தத் தாத்தா படத்தை எடுத்து அவன் மண்டையிலயே போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, மாமியார் காலடியில உக்காந்து, அண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க. மாமியார் மருமக கையில இருந்த நோட்டையே வெறிச்சுப் பார்த்தாங்க. அப்புறம்…

"ஓடலையா?"

"ஓடலை, அத்தை."

"சீட்டுல என்ன துணி எழுதியிருக்கு?"

அண்ணி நோட்டைப் பார்த்துப் படிச்சாங்க. "பச்சைப் புடவை ஒண்ணு. வெள்ளை ரவிக்கை ஒண்ணு. கண்ணாடி வளையல் நாலு. செருப்பு இல்லை." கொஞ்சம் நிறுத்தி, கடைசி வரியைப் படிச்சாங்க. "கையால தைச்ச குழந்தைச் சட்டை, ரெண்டு."

மாமியார் அப்பத்தான் வாய்விட்டுக் கதறினாங்க. எனக்குச் சட்டை தைச்சு எடுத்துட்டுப் போயிருக்காளே, நான் அவளை எழுபத்தோரு வருஷமாத் திட்டினேனே, என் நாக்கு அழுகிப் போகன்னு, தலையில தலையில அடிச்சுக்கிட்டு. அண்ணியால பிடிக்க முடியலை. அழுது முடிச்சு, முகம் கழுவி, பீரோவைத் திறந்தாங்க. ஒரு பச்சைப் புடவையை எடுத்து ஒரு பையில வச்சாங்க. "லாரி எப்ப வருது? வெள்ளியா? நாளைக்கு வியாழன். நான் வரேன்."

வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் அந்த ரோட்டுல நடந்தாங்க. ரத்தான அனுமதியைப் பத்தி முத்திரை கேக்கவே இல்லை; மாமியாரைப் பார்த்து, "வேணாம்மா, வயசானவங்க"ன்னார். "பூட்டுய்யா"ன்னாங்க. பூட்டினார்.

ரெண்டு இருபது… ரெண்டு இருபத்தஞ்சு… விசிறி நின்னுச்சு.

அண்ணி மாமியார் கையைப் பிடிச்சாங்க. அந்தம்மா கையை உதறிட்டு எழுந்தாங்க. பயமா? அவங்களுக்கா? கத்தினாங்க பாருங்க, கம்பி ஜன்னல் அதிர. "எங்கடி இருக்கே? வா வெளியே! நீ செத்துட்டேன்னு ஒரு தடவை, கனவுலயாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா? உன்னால நான் பட்ட பாட்டைக் கேளு! ஊரே என்னைக் காறித் துப்பினப்ப நீ இங்க என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

சப்… சப்… மூணாவது வரிசையிலேர்ந்து ஒரே ஒரு ஜோடிக் கால். வந்து, மாமியாருக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. அந்தக் குரல் வந்துச்சு. ஆனா இந்தத் தடவை கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. என்ன சொல்றதுன்னு தெரியாத மாதிரி அதே வார்த்தைதான்.

"துணி இல்லாம… எப்படி வர்றது?"

மாமியாரோட கோபமெல்லாம் அந்த இடத்துலயே உக்காந்துச்சு. பையிலேர்ந்து புடவையை எடுத்தாங்க. பிரிச்சு நீட்டினாங்க. "இந்தா… உடுத்திக்கோம்மா. வீட்டுக்குப் போலாம்."

எழுபத்தோரு வயசுக்காரி, இருபது வயசுக்காரியைப் பார்த்துச் சொல்றாங்க.

புடவை கையிலேர்ந்து நழுவுச்சு. கீழே விழலை. எங்கே போச்சுன்னு அண்ணிக்கு இன்னிக்கு வரைக்கும் சொல்லத் தெரியலை. கண் முன்னாடி இருந்தது, இல்லை. அவ்வளவுதான். அடுத்த நொடி மத்த வரிசையிலேர்ந்தெல்லாம் காலடி. "எனக்கு?" "எனக்குங்க?" "என்னோடது?" நாப்பத்தாறு பேரு. மாமியார் அந்த வெறும் பையைத் திருப்பித் திருப்பி உதறினாங்களாம். "ஒண்ணுதான்டி கொண்டாந்தேன்… ஒண்ணுதானே கொண்டாந்தேன்…"ன்னு அழுதுக்கிட்டே.

மறுநாள் லாரி வந்துச்சு. அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

பேரனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் ஆகலை. ராத்திரி கழுத்தைப் பிடிச்சுது, ரத்தம் கக்கினான்னு சொல்லணும்னு எனக்கும்தான் ஆசை. நல்லாத்தான் இருக்கான். பேய்க்குக் கூடப் பெரிய இடத்துக்குப் போகப் பயம் போல இருக்கு. சிலைக்கு அடியில அந்தக் கல்லு அப்படியே இருக்கு. அண்ணி அந்த நாப்பத்தேழு பேரையும் சாவுன்னு சேர்த்து ஆராய்ச்சியை எழுதினாங்க. ஆதாரத் தாள் எங்கேன்னு கேட்டு, பட்டம் குடுக்க மாட்டேங்கறாங்க. அண்ணியும் ஒரு வரி மாத்த மாட்டேன்னு நிக்கறாங்க.

புது வார்டு திறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. எடை கம்மியாப் பொறந்த குழந்தைங்களை அங்க வைக்கிறாங்க. ரெண்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் பெத்தவங்களைக் கூட உள்ளே விடறதில்லை, நர்ஸுங்க வெளியே கண்ணாடி வழியாத்தான் பார்ப்பாங்க. அந்த ஒரு மணி நேரம் ஒரு குழந்தை அழாதாம். மூணு மணிக்கு அம்மாக்காரிங்க ஓடிப்போய் மார்ல போட்டா, ஒண்ணு கூடக் குடிக்காதாம். வயிறு நிறைஞ்சு தூங்குமாம். எடை மட்டும் கிடுகிடுன்னு ஏறுதாம். நல்ல பராமரிப்புன்னு பேரனுக்கு அதுக்கு ஒரு விருது வேற.

என் சிநேகிதியோட அம்மா தினமும் ஒண்ணே முக்காலுக்கெல்லாம் அங்க போயிடறாங்க. யார் சொன்னாலும் கேக்கறதில்லை. கையில ஒரு பை, அதுல ஒரு புடவை. வார்டு வாசல் பெஞ்சுல உக்காந்து, சுவத்துல தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்குவாங்க. சில நாள் மூணு மணிக்கு எழுந்திருக்கும்போது பை காலியா இருக்கும். இதுவரைக்கும் முப்பது புடவைக்கு மேல ஆச்சாம்.

போன வாரம் அண்ணி கூடப் போயிருக்காங்க. வெயில்ல வந்தவங்களாச்சேன்னு, "ஏதாவது சாப்பிடறீங்களா, அத்தை?"ன்னு கேட்டிருக்காங்க.

"வேணாம்மா. வயிறு நிறைஞ்சிருக்கு"ன்னாங்களாம்.

சொல்லிட்டு, முந்தானையால வாயோரத்தைத் துடைச்சுக்கிட்டாங்களாம். முந்தானையில வெள்ளையா ஈரம். தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு ஆறலைன்னாங்க அண்ணி.